கல்லறை ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் மீன்களுக்குத்தான் முதல் மரியாதை. மனிதர்கள் நாங்கள் போர் தண்ணீரில் குளித்துவிட்டு, தலைமுடி தேங்காய் நாராக நிற்க அலைகிறோம். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் ஏஞ்சல் மீன்கள் மட்டும் மெஷினில் சுத்தம் செய்த தண்ணீரில் சொகுசாக நீந்திக்கொண்டிருக்கின்றன. இதை நான் வாய்விட்டுச் சொன்னால் என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன தொட்டி. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் ஒரு பக்கம், மீன் தொட்டி எதிர்ப்பக்கம். அதனால் அந்தத் தண்ணீரைச் சுற்றி எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தவள் நான்தான். பார்த்தேனே தவிர ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தண்ணீர்க் கதை நகராது. மாமா என்றால் என் கணவரின் அப்பா, அத்தை என்றால் அம்மா. வத்தலக்குண்டு லைனில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கைகாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார். ஒருநாள் ஆட்டோவில் ஒரு கண்ணாடித் தொட்டியையும், பாலித்தீன் பையில் நாலைந்து மீன்களையும் கொண்டுவந்து இறக்கினார். அத்தை அந்தப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒரு நேரக் கொழம்புக்குக்கூடக் காணாதே" என்றார்.

"கொழம்பு வைக்கிறதுக்கா வாங்கியாந்தேன்? பாக்குறதுக்கு" என்றார் மாமா.

"பாக்குறதுக்கு நான் இருக்கேன்ல."

அவர்கள் இரண்டு பேரும் பேசுவது இப்படித்தான் இருக்கும். கேட்பவர்களுக்குச் சண்டை போலத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பயந்துகூடப் போனேன். பிறகுதான் அது சண்டை இல்லை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ளும் விதம் அது என்று புரிந்தது. வீட்டில் சத்தம் இல்லையென்றால்தான் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலையில் மாமா தொட்டியில் கால்வாசித் தண்ணீரை டியூப் போட்டு உறிஞ்சி வாளியில் இறக்குவார். மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் கலந்து மஞ்சளாக இருக்கும். கவிச்சை வாடை அடிக்கும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்திருந்த பன்னீர் ரோஜாவுக்கு ஊற்றுவார். நிலக்கோட்டைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு பயணி கொடுத்த பதியன் அது. அந்தச் செடிக்கு வேறு உரமே கிடையாது. ஆனாலும் அது பூத்த பூப்பு இருக்கிறதே, பின்கதவைத் திறந்தால் மீன் வாடையும் ரோஜா வாசனையும் சேர்ந்து வந்து முகத்தில் மோதும்.

"நாத்தம் பிடிச்ச தண்ணியக் கொண்டாந்து வாசல்ல ஊத்தாதீங்கன்னா கேக்குறீங்களா" என்று அத்தை கத்துவார்.

"நீ மூக்கப் பொத்திக்கிட்டுப் பூவ மட்டும் பறிச்சுக்க."

அத்தை பறிப்பார். மாதா படத்துக்கு ஒன்று வைத்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொள்வார். மூக்கைப் பொத்தினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது என்று தெரிந்தபோது டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது உப்பைத்தான். அன்றிலிருந்து எங்கள் அடுப்படியில் அத்தைதான் போலீஸ். உப்பு ஜாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. மாமாவுக்குத் தனிச் சட்டி, தனிக் குழம்பு. சட்டியில் உப்பு விழுந்துவிடுமோ என்று பயந்து, என் கையைக்கூடக் கழுவிவிட்டு வரச் சொல்வார். மாமா கெஞ்சிப் பார்த்தார், கேலி செய்து பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அத்தை செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போய், மாமாவின் உடம்புக்காக உப்பும் மிளகும் வாங்கிக் காணிக்கையாகப் போட்டுவிட்டு வருவார். மாமா வாசலில் உட்கார்ந்து கேட்பார்.

"அந்தோணியாருக்குக் கை கையாப் போடுற. அதுல ஒரு கல்லு எனக்குக் குடுத்தா அவரு கோவிச்சுக்கவா போறாரு?"

அத்தை சிரிக்காமல் உள்ளே போய்விடுவார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

கடைசி நாட்களில் கேலியும் நின்றுவிட்டது. ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. மாமா கட்டிலில் படுத்திருந்தார். அத்தை உப்பில்லாத கஞ்சியைத் தட்டில் ஊற்றிக்கொண்டு போனார். நான் ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு துண்டு கருவாடு வாங்கியாயேன். நாக்குல வச்சுட்டுத் துப்பிர்றேன்" என்றார் மாமா.

"அதெல்லாம் முடியாது. டாக்டர் திட்டுவாரு. இதக் குடிங்க."

மாமா ஒரு வாய் குடித்தார். பிறகு தட்டைக் கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை தட்டோடு கொஞ்ச நேரம் நின்றார். "வீம்பு பிடிச்ச மனுசன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். அன்று முழுதும் மாமா பேசவில்லை. அத்தையும் பேச்சுக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் எழுப்பப் போனபோது மாமா எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு வந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு அத்தை என்னிடம் முதலில் சொன்னது இதுதான்: "கோவத்தோடயே போயிட்டாரு ஆத்தா." நான் என்னவெல்லாமோ சொல்லித் தேற்றினேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. ஜெபமாலை சொல்லும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருசம் வாயாடி வாழ்ந்த வாழ்க்கையில் கடைசி நாள் மட்டும் பேச்சில்லாமல் போய்விட்டது. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கோபம் தீர்ந்ததா என்று தெரிவதுதான். அதை யாரிடம் போய்க் கேட்பது?

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அத்தை பின்வாசல் ரோஜாவை வாளியோடு ஆட்டோவில் ஏற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மாமாவின் கல்லறை வெறும் மண்மேடு, சுற்றி ஒரு வரிசைச் செங்கல். தலைமாட்டில் சிலுவைக்குக் கீழே குழி தோண்டிச் செடியை இறக்கினார். அங்கே அப்போது அடிபம்பு நன்றாக வேலை செய்தது. மழைக்காலமும்கூட. செடி சுணங்காமல் வேர் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் போனபோது ஒரே ஒரு பூ மலர்ந்திருந்தது. அத்தை அதைப் பறிக்கவில்லை. குனிந்து முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"பேசிட்டாரு ஆத்தா" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூவும் அவருக்கு ஒரு பேச்சு. மொட்டு விட்டால் வாயைத் திறக்கிறார், மலர்ந்தால் பேசிவிட்டார். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் ஒரு செடி பூத்து ஒரு மனுசி நிம்மதியாகத் தூங்கினால் எனக்கென்ன நஷ்டம்?

அதற்குள் வீட்டில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. மாமா இருந்தவரை குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் தனியாக ஒரு டிரம் பிடித்து வைத்துத் தொட்டிக்கு ஊற்றுவார். என் கணவருக்கு அந்தப் பொறுமையும் இல்லை, குழாயில் அவ்வளவு தண்ணீரும் வரவில்லை. போர் தண்ணீரை ஊற்றினார். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், வாயில் வைக்க முடியாது. செங்காவி நிறத்தில் வண்டலும் வரும். மீன்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தன. அப்பாவின் மீன்கள் தன் கையில் சாகின்றனவே என்று அவருக்குப் பெரிய வேதனை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, தொட்டிக்கென்றே ஒரு சுத்திகரிப்பு மெஷின் வாங்கிவந்து ஜன்னலுக்குக் கீழே சுவரில் மாட்டினார்.

அதில் மூன்று டியூப். ஒன்றில் போர் தண்ணீர் உள்ளே போகும். ஒன்றில் நல்ல தண்ணீர் நூல் மாதிரி வரும். மூன்றாவதில் வேஸ்ட் தண்ணீர், அதுதான் ஜோராக வரும். மீனுக்கு ஒரு குடம் நிறைவதற்குள் வேஸ்ட் மூன்று குடம் சாக்கடைக்குப் போய்விடும். அத்தை முதல் நாளே முந்தானையைச் செருகிக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"இது என்ன ஆத்தா கூத்து? ஒரு கொடத்துக்கு மூணு கொடம் தெண்டமா? குஜிலியம்பாறைப் பக்கம் போயிச் சொன்னா அடிக்க வருவாங்க."

அவர் பிறந்தது அந்தப் பக்கம்தான். வானம் பார்த்த பூமியில் பிறந்தவரால் தண்ணீர் சாக்கடையில் ஓடும் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அன்றே எண்ணெய் கேன்களையெல்லாம் கழுவி வரிசையாக வைத்தார். வேஸ்ட் டியூப்பை எடுத்துக் கேனில் விட்டார். அந்தத் தண்ணீரில் வீடு துடைத்தோம், கக்கூஸுக்கு ஊற்றினோம், என் கணவர் வண்டி கழுவினார். பார்க்க அது போர் தண்ணீரைவிட எவ்வளவோ தெளிவு. வண்டல் இல்லை, நிறம் இல்லை, கண்ணாடி போல இருந்தது. அத்தைக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது. சல்லடையில் சலித்தால் கசடு சல்லடையில்தானே தங்கும், அதுபோல உப்பெல்லாம் மெஷினுக்குள் தங்கிவிடுகிறது, வேஸ்ட் என்று வருவது மெஷினுக்குப் பிடிக்க முடியாமல் வழிகிற மிச்சம் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தரை காய்ந்த பிறகு திட்டுத்திட்டாக வெள்ளை படிந்தது. அத்தை பினாயில் கூடிப்போச்சு என்றார். வண்டியில் வெள்ளைக் கோடு விழுந்தது. துணி சரியில்லை என்றார் என் கணவர். கருப்புத் துணியில் சாக்பீஸ் கோடு போட்டுப் பிழைக்கிற என் கண்ணிலும் அது படத்தான் செய்தது. படிந்த கோட்டைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அடுத்த வருசம் மழை பொய்த்தது. மாசி பிறப்பதற்குள் கல்லறைத் தோட்டத்து அடிபம்பு காற்றை மட்டும் இறைத்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் வீட்டிலிருந்துதான் தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று ஆயிற்று. முதல் தடவைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. என் கணவர் தொட்டியைச் சுத்தம் செய்து, மஞ்சள் தண்ணீரை வாளியில் இறக்கி வைத்திருந்தார். ரோஜாதான் பின்வாசலில் இல்லையே, அந்தத் தண்ணீர் வாரா வாரம் சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் ஏதோ தோன்றிச் சொன்னேன்.

"மாமா ஊத்துன தண்ணிதான அத்தை. இதவே கொண்டுபோவோமே."

எனக்கு ஒன்றும் தெரிந்து சொல்லவில்லை. அந்த வாளி கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"சாமியார் மந்திரிச்ச மண்ணு ஆத்தா அது. அங்க போயி மீன் பேண்ட தண்ணிய ஊத்தச் சொல்றியா? ஒங்க மாமா தலமாட்டுல?"

அவர் சொன்னதும் எனக்கும் சரி என்றுதான் பட்டது. வீட்டு வாசலில் ஊற்றுவது வேறு, கல்லறையில் ஊற்றுவது வேறு. செத்தவருக்கு நாம் கொடுப்பதில் நல்லதைத்தான் கொடுக்க வேண்டும். கேன்களில் இருந்த தெளிந்த தண்ணீரை அத்தை ஒரு வெள்ளைத் துணியில் வேறு வடிகட்டினார். பிறகுதான் தெரிந்தது: அழுக்கு என்று நாங்கள் சாக்கடையில் கொட்டியது மாமாவே அந்தச் செடிக்குக் கொடுத்து வளர்த்தது. சுத்தம் என்று வடிகட்டித் தூக்கிக்கொண்டு போனது அதைக் கொன்றது.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் ஒயர் கூடையில் கேனை வைத்துக்கொண்டு அத்தை ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவார். கல்லறைக்கு முன் முழந்தாளிட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டே சொட்டு வீணாகாமல் ஊற்றுவார். இரண்டு மூன்று வாரத்தில் இலை நுனி பழுப்பாயிற்று. வெயில் என்றேன். பிறகு ஓரமெல்லாம் தீய்ந்தது, நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் போல. தண்ணீர் போதவில்லை என்று அத்தை வாரத்தில் இன்னொரு நாளும் போக ஆரம்பித்தார். ஒரு கேன் இரண்டு கேனாயிற்று. ஊற்ற ஊற்ற இலை உதிர்ந்தது. விட்டிருந்த மொட்டு ஒன்று திறக்காமலே கருகி நின்றது.

அன்றைக்கு அத்தை வீட்டுக்கு வந்து பேயறைந்தாற்போல உட்கார்ந்திருந்தார்.

"வாயத் தொறக்க வந்தவரு மூடிக்கிட்டாரு."

"செடி அத்தை அது. வெயில்ல எல்லாச் செடியும்தான் காயுது."

"எல்லாச் செடியும் காயட்டும். பக்கத்துக் கல்லறையில நித்தியகல்யாணி பூத்துக் குலுங்குதே, அதுக்கு யாரு ஊத்துனா? இது ஏன் நான் ஊத்த ஊத்தக் கருகுது? நான் குடுத்தா அவருக்கு வேணாமாம். அன்னிக்குக் கஞ்சியத் தள்ளுனாருல்ல, அதேதான்."

அத்தை மாமா பெயரில் பூசைக்கு எழுதி வைத்தார். பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினார். மாமா சமாதானமாகத்தான் இருப்பார் என்று சாமியாரும் சொல்லியிருக்கிறார். அதுவும் எடுபடவில்லை. சாம்பல் புதனிலிருந்தே அவர் தன் சாப்பாட்டில் உப்பை நிறுத்தியிருந்தார். தவக்காலத்துக்கு மற்றவர்கள் கறியை விடுவார்கள், மீனை விடுவார்கள். இவர் விட்டது உப்பை. மாமாவுடைய தனிச் சட்டியை எடுத்துக் கழுவி அதிலேயே தனக்குக் குழம்பு வைத்துக்கொண்டார். ஈஸ்டர் வந்தது, போனது. வீட்டில் பிரியாணி செய்தோம். அத்தை அந்தச் சட்டியை விடவில்லை. "அவரு மனசு எறங்கட்டும், அப்பறம் பாப்போம்" என்றார்.

உடம்பு அவருக்குத் தளர்ந்துகொண்டே வந்தது. தனியாக அனுப்பப் பயமாக இருந்ததால், கோடை முற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். செடியில் நாலு இலைதான் இருந்தது. அதைச் சுற்றி மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"எவ இவ, இங்க வந்து கோலமாவக் கொட்டிட்டுப் போனது?" என்று அத்தை குனிந்து விரலால் வழித்தார். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, குழம்பு ருசி பார்ப்பது போல, விரலை நாக்கில் வைத்தார்.

மாதக் கணக்கில் உப்புப் படாத நாக்கு அது. அவருடைய முகம் அப்படியே நின்றுவிட்டது.

"உப்பு" என்றார்.

என் கையிலிருந்த கேனைப் பிடுங்கி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினார். மறுபடியும், "உப்பு ஆத்தா. எங்கப்பன் வீட்டு உப்பங்கெணறுகூட இம்புட்டுக் கரிக்காது." நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கசப்பும் உவர்ப்புமாகத் தொண்டையில் நின்றது. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. தரையில் படிந்த வெள்ளை, வண்டியில் விழுந்த கோடு, எல்லாம். மெஷின் உப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டு, இருந்த உப்பு மொத்தத்தையும் வேஸ்ட் தண்ணீரில்தான் தள்ளியிருக்கிறது. இரண்டு நாள் கழித்து என் கணவர் மீன் கடையிலிருந்து தண்ணீரில் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு மீட்டர் வாங்கிவந்து முக்கிப் பார்த்தபோதும் அதையே காட்டியது. போர் தண்ணீரைவிட அந்தத் தெளிந்த தண்ணீரில்தான் உப்பு அதிகம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சிரித்தேவிட்டேன். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா அத்தை! மாமா கோவிக்கல. தண்ணிதான் காரணம். உப்புத்தான் செடியக் கருக்கிருச்சு. மாமாவுக்கு ஒங்க மேல ஒரு கோவமும் இல்ல" என்று படபடவென்று கொட்டினேன். இத்தனை நாள் அவரை அரித்த பயம் இந்த நொடியில் போய்விடும் என்று நினைத்தேன்.

அத்தை செங்கல் வரிசையில் மெதுவாக உட்கார்ந்தார். விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டப்ப ஒரு கல்லு குடுக்கல" என்றார். "இப்பக் கேக்காமலே கேன் கேனா ஊத்திட்டேன். அதுவும் அவரு தலையில."

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா கோபித்திருந்தாலாவது அவர் காத்திருக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், ஒருநாள் கோபம் தணியும் என்று நம்பலாம். இப்போது அந்தச் செடியைக் கொன்றது அவருடைய கையே என்று ஆகிவிட்டது. அவர் கேனைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரைத் தள்ளிப்போய்ப் பாதையில் கொட்டினார்.

அன்றிலிருந்து மஞ்சள் தண்ணீரைக் கொண்டுபோனோம். மந்திரித்த மண் என்றெல்லாம் அத்தை இப்போது சொல்லவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் வந்த நாட்களில் குடிக்கப் பிடித்ததையும் கொண்டுபோய் ஊற்றி உப்பைக் கரைத்து இறக்கப் பார்த்தோம். என் கணவர் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டார். காலம் கடந்துவிட்டது. மிச்சமிருந்த நாலு இலையும் உதிர்ந்து, தண்டு கறுத்துப்போனது. வீட்டில் வேஸ்ட் தண்ணீர் இப்போது கக்கூஸுக்கு மட்டும்தான் போகிறது. தொட்டித் தண்ணீர் பின்வாசல் கறிவேப்பிலைக்குப் போகிறது. கறிவேப்பிலை மதமதவென்று நிற்கிறது. அத்தை அந்தப் பக்கம் போவதே இல்லை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் என்னைத்தான் கிள்ளிவரச் சொல்வார்.

உப்பையும் அவர் திரும்பத் தொடவில்லை. தலைசுற்றல் வந்தது, டாக்டரிடம் கூட்டிப்போனோம், உப்புச் சேர்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னார். "சேக்குறேன் சார்" என்று தலையாட்டிவிட்டு வந்து, அதே சட்டியில் அதே சப்பென்ற குழம்பை வைத்தார். மாமாவுக்கு உப்பு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைப் போலீஸ் மாதிரி நின்று காத்தவர், தனக்கு வேண்டும் என்று சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அதற்குள் நல்ல மழை பெய்திருந்தது. மண்ணில் வெள்ளை போன இடமே தெரியவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைகள் ஜொலித்தன. அத்தை குனிந்து அந்தக் கறுத்த தண்டை வேரோடு பிடுங்கினார். அது சுலபமாக வந்துவிட்டது. வேரில் ஒட்டியிருந்த மண்ணைக் கல்லறையிலேயே உதறினார். பிறகு கொண்டுவந்திருந்த மஞ்சள் தண்ணீரை, செடியே இல்லாத அந்தக் குழியில் ஊற்றினார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அத்தை கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தலைசுற்றுகிறது என்று மாமா படுத்திருந்த கட்டிலிலேயே படுத்துவிட்டார். நான் கஞ்சி வைத்தேன். வைக்கும்போது, அவர் பார்க்கவில்லை என்று, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதற்காகப் போட்டேனா, என்னாலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் போட்டேனா, தெரியாது. தட்டில் ஊற்றி எடுத்துப்போய்க் கொடுத்தேன். அத்தை ஒரு வாய் குடித்தார். தட்டைக் கையால் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதே கட்டில், அதே சுவர். தட்டோடு நிற்பது இப்போது நான். இப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அத்தை, எம் மேல கோவமா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோவம் என்னத்துக்கு ஆத்தா? நல்லதுக்குத்தான போட்ட. எனக்கு எறங்கல, அம்புட்டுத்தான்."

என் மனசில் சட்டென்று ஒன்று பட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மாமாவும் அன்னிக்கு அம்புட்டுத்தான் அத்தை. கோவமில்ல. எறங்கல, திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

அத்தை மெல்ல என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீ கேட்ட, நான் சொன்னேன்" என்றார். "அன்னிக்கு நான் அவரக் கேக்கலையே ஆத்தா."

நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.